குளம் காத்த நாள்

மருதங்காட்டுப் பள்ளிக்கூடம் குளக்கரையில் இருந்தது. மான் குட்டிகளும் ஓநாய்க் குட்டிகளும் அங்கே ஒன்றாகப் படித்தன. கரடிதான் தலைமை ஆசிரியர்.

ஒருநாள் சிங்கராஜாவின் அரண்மனையிலிருந்து நரி வந்தது.

"கரடியாரே! இந்த வருடம் 'குளம் காத்த நாள்' விழாவைப் பள்ளியில் கொண்டாட வேண்டும். ராஜாவின் உத்தரவு!"

கரடி திடுக்கிட்டது. "அந்த நாளையா? அந்தப் பஞ்சத்தில் எத்தனை உயிர்கள் போயின..."

"திருடர்கள் வந்தார்கள், ஓநாய் வீரர்கள் விரட்டினார்கள். பிள்ளைகளுக்கு இது போதும். நாடகம்கூட நானே தயாரித்துவிட்டேன்!" என்றது நரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்கள் பதவிக்கு வேறு சிலரும் ஆசைப்படுகிறார்கள், தெரியுமா?" என்றது.

கரடி தலையை ஆட்டிவிட்டது.

படைத்தலைவன் வேடம் வேம்பன் என்ற ஓநாய்க் குட்டிக்குக் கிடைத்தது. தண்ணீர்த் திருடனாக நடிக்க யாரும் முன்வரவில்லை. அப்போது துள்ளி எழுந்தது தும்பை என்ற மான் குட்டி.

"நான் நடிக்கிறேன் ஐயா! எனக்குத்தான் நன்றாக ஓடத் தெரியும்!"

அன்று குளத்துக்கு வந்தவர்கள் யார் என்று கரடிக்குத் தெரியும். ஆனால் தும்பைக்குத் தெரியாது. மான்கள் தங்கள் வீடுகளில் அந்த நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை. பேசினால் குளத்துத் தண்ணீர் மறுபடியும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம்.

"சரி, நடி" என்றது கரடி, தும்பையின் முகத்தைப் பார்க்காமலே.

விழா நாள் வந்தது. காடே கரையில் கூடியது. தும்பையின் அம்மாவும் வந்திருந்தாள். மகளுக்கு என்ன வேடம் என்று அவளுக்குத் தெரியாது. "வந்து பார், அம்மா! அசந்துபோவாய்!" என்று மட்டும்தான் தும்பை சொல்லியிருந்தது.

நாடகம் தொடங்கியது. தும்பை மெல்ல நடந்துவந்து தண்ணீரில் வாய் வைத்தது.

"திருடி! பிடியுங்கள் அவளை!" என்று கத்தினான் வேம்பன்.

ஓநாய்க் குட்டிகள் துரத்தின. தும்பை ஓடியது, தடுமாறியது, நரி சொல்லிக்கொடுத்தபடியே சேற்றில் விழுந்து கண்களை மூடிக்கொண்டது. கூட்டம் கைதட்டியது.

"ஐயோ! எழுந்திரு! எழுந்திரு, கண்ணே!"

தும்பையின் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள். சேற்றில் இறங்கி மகளை முகத்தால் முட்டி முட்டித் தூக்கினாள்.

"அம்மா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை! இது நாடகம்தான்!"

"இதே இடத்தில்தான் உன் அக்கா விழுந்தாள்! அவள் திருடி இல்லை! ஒரு வாய் தண்ணீருக்கு வந்தாள்!"

தும்பை மெதுவாகக் கேட்டது: "எனக்கு அக்கா இருந்தாளா?"

கைதட்டல் நின்றுவிட்டது.

வேம்பன் தன் அப்பாவைத் தேடினான். பெரிய ஓநாய் முன்வரிசையில் நின்றிருந்தது.

"அப்பா! திருடர்கள் என்றுதானே சொன்னீர்கள்?"

ஓநாயின் காதுகள் தொங்கின. "தாகத்தோடுதான் வந்தார்கள். அரண்மனையில் விரட்டச் சொன்னார்கள், விரட்டினோம். சிலர்... திரும்பிப் போகவில்லை."

வேம்பன் அப்பாவிடமிருந்து பின்வாங்கினான். அவன் தலையில் இருந்த இலைக் கிரீடம் நழுவி விழுந்தது. அதை அவன் எடுக்கவில்லை.

நரி ஓடோடி வந்தது. "கலையுங்கள், கலையுங்கள்! விழா முடிந்தது! இனி இந்தப் பள்ளியில் அந்த நாளைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது!"

கரடி அதன் வழியை மறித்து நின்றது. "முன்பு கொண்டாடு என்றாய். இப்போது மறந்துவிடு என்கிறாய். இரண்டும் என்னால் முடியாது!"

"உன் பதவி போய்விடும்!"

"போகட்டும்! எல்லாம் தெரிந்தும் இந்தக் குழந்தையைச் சேற்றில் விழ வைத்தவன் நான். இனி நான் எந்த முகத்தோடு பாடம் நடத்துவேன்?"

கரடியின் பதவி அன்றே போனது. நரியின் மைத்துனன் தலைமை ஆசிரியராக வந்தான்.

அடுத்த வருடமும் அதே நாள் வந்தது. வாய் திறக்கக் கூடாது என்ற நரியே அந்த நாடகத்தை மறுபடியும் போடச் சொன்னது. நரியின் மைத்துனன் நாடகத்துக்கு வேடம் கொடுக்கக் குட்டிகளைக் கூப்பிட்டான். வேம்பன் எழவில்லை. தும்பை எழவில்லை. ஒரு குட்டிகூட எழவில்லை.

"யாருமே வர மாட்டீர்களா?" என்று அதிர்ந்து போய்க் கத்தினான் அவன்.

குட்டிகள் எல்லாம் வகுப்பை விட்டு வெளியேறிக் குளக்கரைக்குப் போயின. தும்பையின் அம்மா அங்கே தனியாக நின்றிருந்தாள்.

வேம்பன் தயங்கித் தயங்கி அவள் அருகில் போனான். "அம்மா, அந்த அக்காவின் பெயர் என்ன?"

தாய்மான் அவன் பக்கம் திரும்பினாள். அந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"செங்காந்தள்" என்றாள்.

குட்டிகள் எல்லாம் சேர்ந்து அந்தப் பெயரைச் சொல்லின.

ஒரு நாளை நினைவுகூரும் பள்ளிக்கூடம் அன்று நடந்ததைக் குழந்தைகளுக்கு உண்மையாகச் சொல்ல வேண்டும். பொய்யை விழாவாக்கினால், அந்தக் காயத்தைக் குழந்தைகள்தான் மறுபடியும் சுமப்பார்கள்.