ரோட்டில் காயும் சோளம்

ஞானக் கதைகளில் வரும் சீடர் இளைஞராகவே இருப்பார் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாகப் பரவியிருக்கிறது. ஆதாரமற்றது, உடனே கைவிடத் தக்கது. மாசிலாமணி தம் ஓவிய குருவான செங்கமலத்தைவிட வயதில் மூத்தவர். மூட்டுவலியும் அவருக்குத்தான்.

ஒருநாள் அவர் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அலுத்துப்போச்சு டீச்சர். எதை வரைஞ்சாலும் 'செங்கமலம் படம் மாதிரியே இருக்கு'ங்கிறாங்க. நிறுத்திடட்டுமா?"

"சாயங்காலம் ஒரு ஏலம் இருக்கு. வாங்க, போயிட்டு வருவோம்."

ஏலக்கூடத்தில் ஓர் அமெரிக்க வயல் ஓவியம் மாட்டியிருந்தது. உருண்டை உருண்டையாகக் குன்றுகள், சிவப்புக் களஞ்சியம், ஒரு காற்றாலை. கீழே சீட்டு: 'அமெரிக்கக் கிராமங்களை வரைந்த ஓவியர் ஒருவரின் பாணியில். வரைந்தவர் யாரென்று தெரியவில்லை.'

"நாளைக்கு என் படத்துக்கும் இந்தச் சீட்டுதான்" என்றார் மாசிலாமணி.

"கிட்டப் போய்ப் பாருங்க."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"ரோட்டுல சோளக்கதிரைப் பரப்பி வச்சிருக்கான் டீச்சர், வண்டி ஏறி மிதிக்கட்டும்னு. ஓரத்துல கல்லு வேற. அமெரிக்காவுல எவன் இப்படிச் செய்வான்? இது எங்க விளாத்திகுளம் பக்கத்து ஆளு."

"யாருன்னு தெரியலைன்னு போட்டிருக்கே."

"பேருதான் தெரியல. ஆளைத் தெரியுதே."

படம் ஏலம் போனது. வாங்கியவர், ரோட்டில் இருக்கும் மஞ்சள் நிறத்தை மட்டும் அழித்துத் தர முடியுமா என்று கேட்டார். முடியும் என்றார்கள்.

மாசிலாமணி எழுந்து நின்றார். "ஐயா, அதை அழிச்சிடாதீங்க."

"ஏன், அது தப்புதானே?"

"தப்புதான்" என்றார் மாசிலாமணி. உட்கார்ந்துவிட்டார்.

இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

"என் படத்துல மட்டும் ஏன் டீச்சர் இப்படி ஒரு தப்புகூட இல்லை?"

"இருந்துச்சு. ஒவ்வொண்ணா நான்தான் திருத்திக் கொடுத்தேன்."

பேருந்து வந்தது. கூட்டமாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

"அப்ப நிறுத்திடவா?"

"என்கிட்ட காட்டுறதை நிறுத்துங்க."

அடுத்த வாரம் மாசிலாமணி வகுப்புக்கு வரவில்லை. செங்கமலம் அவருடைய நாற்காலியில் தம் பையை வைத்தார்.