கையால் கலக்கிய பால்

"அம்மா, என்னைச் சுத்தமாக்குங்க" என்றார் ஆதிமூலம்.

மலையடிவாரத்து மடத்தின் சமையல்கட்டில் செண்பகவல்லி அம்மை பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். மடத்துக்குத் தலைவியும் அவர்தான், சமையலும் அவர்தான். திரும்பிப் பார்த்தார்.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். அம்மையைவிட இருபது வயதாவது மூத்தவர். இரண்டு கைகளையும் எதிலும் படாமல் நெஞ்சுக்கு முன்னால் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்திருந்தது.

"குளிச்சிட்டுத்தானே வந்திருக்கீங்க?"

"மூணு தடவை."

"அப்புறம் என்ன?"

அவர் கைகளை இன்னும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

ஆதிமூலம் முப்பது வருஷம் ஒரு பால் பண்ணையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். எந்தப் பாலில் எத்தனை லட்சம் கிருமி என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. மனைவி லோகநாயகி இறந்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து கை கழுவிக்கொண்டே இருக்கிறார். தாழ்ப்பாளைத் தொட்டால் கழுவுவார். கழுவி முடித்துக் குழாயை மூடினால், குழாயைத் தொட்டதற்காக மறுபடி கழுவுவார்.

அம்மை பால் பானையை இறக்கி அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதைத் தயிராக்குங்க. நாளைக்குப் பந்திக்கு வேணும்."

"நானா?"

"சுத்தத்தைப் பத்தி உங்களுக்குத்தானே தெரியும்?"

ஆதிமூலம் பாலை இன்னொரு முறை கொதிக்க வைத்தார். வேறு பானையை எடுத்து வெந்நீரில் போட்டார். மூடியைப் போட்டார், கரண்டியைப் போட்டார்.

உறைமோர் கீழ்த்தெருவில் யார் வீட்டிலோ வாங்கியது. நசுங்கிய தூக்குச்சட்டியில் இருந்தது. மேலே ஓர் எறும்பு மிதந்தது.

அவரால் அதை ஊற்ற முடியவில்லை.

பானையை மூடி, வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார்.

காலையில் துணியை அவிழ்த்தார். பால் பாலாகவே இருந்தது.

"சுத்தமா இருக்கும்மா."

"இருக்கு" என்றார் அம்மை. "தயிர் எங்கே?"

அன்று நாற்பது பேர் மோர் இல்லாமல் எழுந்து போனார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆதிமூலம் பாலைக் கொட்டப் போனபோது அம்மை தடுத்தார். "இருக்கட்டும்."

மறுநாள் துணியை அவிழ்ப்பதற்கு முன்பே நாற்றம் வந்தது.

"யாருமே தொடலையே!" என்றார் ஆதிமூலம்.

"ஆமா. யாருமே தொடலை."

அம்மை அதை வாழைக்குழியில் கொட்டிவிட்டு வந்து கேட்டார்.

"உறை ஊத்தியிருந்தா இப்படிக் கெட்டிருக்காதோ?"

தெரிந்த விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"கெட்டிருக்காது. உறைமோர்ல லாக்டிக் அமில பாக்டீரியா இருக்கு. பால்ல இருக்கிற சர்க்கரையைத் தின்னு புளிப்பு உண்டாக்கும். புளிப்பு ஏறிட்டா வேற கிருமி சுலபமா தலைகாட்டாது."

"பாக்டீரியான்னா?"

"கிருமிதான்."

"அப்போ கிருமி வராம காவல் இருக்கிறது யாரு?"

"கிரு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

"எனக்குப் புரியலை" என்றார் அம்மை.

ஆயிரம் முறை நோட்டில் எழுதிய விஷயம். அந்த நிமிஷம் ஆதிமூலத்துக்கும் அது புரியவில்லை.

அன்று சாயங்காலம் புதுப்பால் வந்தது. காய்ச்சி, ஆறவைத்து, அம்மையே உறைமோரை ஊற்றினார்.

"கலக்குங்க."

அவர் கரண்டியைத் தேடினார். அம்மை அதை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

"கையாலே."

"முடியாதும்மா."

"ஏன்?"

அவர் கைகளை விரித்தார். அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"லோகநாயகிக்கு வயித்துல ஆபரேஷன். வீட்டுக்கு வந்த பிறகு புண்ணுக்குக் கட்டு மாத்தினது நான்தான். மகளைக்கூடத் தொட விடலை. கிருமியைப் பத்தி எனக்குத்தான் தெரியும்னு சொன்னேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் வந்தது. புண்ணு சீழ் வெச்சு, ரத்தத்துல கலந்துடுச்சுன்னாங்க. இந்தக் கையிலேருந்துதான் போயிருக்கணும்."

அப்படியெல்லாம் இல்லை என்று அம்மை சொல்வார் என எதிர்பார்த்தார்.

அம்மை சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. பானையின் பக்கத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"சூடு ஆறுது."

"இந்தக் கையில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. நாற்பது பேர் சாப்பிடுவாங்க!"

"நாற்பது பேருக்கும் முன்னாடி நான் சாப்பிடறேன்."

ஆதிமூலத்தின் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடியில் நின்றது. துடைத்தால் மறுபடி கழுவ வேண்டும் என்று துடைக்காமல் நின்றார்.

அப்புறம் கையைப் பாலுக்குள் விட்டார். இளஞ்சூடு வெடிப்புகளில் எரிந்தது. மெதுவாக ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

காலையில் பானையைச் சாய்த்தார். தயிர் அசையவில்லை. கெட்டியாக, ஓரத்தில் ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

பந்தியில் முதல் பிடி அம்மை சாப்பிட்டார். பிறகு எல்லார் இலையிலும் தயிர் விழுந்தது. ஆதிமூலம் தூணோரம் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவர் இருமினார். இவருக்கு உயிரே போய்விட்டது. இருமியவர் தண்ணீர் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் தயிர் கேட்டார்.

ஆதிமூலம் அம்மையிடம் ஓடினார்.

"அப்போ அவளைக் கொன்னது என் கை இல்லையாம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தயிர் நல்லா வந்திருக்கே!"

"நல்லாத்தான் வந்திருக்கு."

"அப்போ என் கை நல்லதா, கெட்டதா? அதையாவது சொல்லுங்க."

"அங்கே கூப்பிடறாங்க பாருங்க" என்றார் அம்மை.

பந்தியின் கடைசியில் ஒரு பெண். மடியில் கைக்குழந்தை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு வயதுப் பெண்குழந்தை, தொடாத இலைக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தது.

"ஐயா, இவளுக்குக் கொஞ்சம் தயிர்சோறு பிசைஞ்சு ஊட்டிவிடுங்களேன். நான் அசைஞ்சா இவன் முழிச்சுக்குவான்."

ஆதிமூலம் திரும்பிப் பார்த்தார். அம்மை அடுத்த வரிசைக்குப் போயிருந்தார்.

தண்ணீர்க் குடம் ஆறடி தள்ளி இருந்தது. கையைப் பார்த்தார். சற்றுமுன் கழுவிய ஈரமே இன்னும் காயவில்லை.

குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்து வாயைத் திறந்தது.

ஆதிமூலம் தரையில் உட்கார்ந்து சோற்றில் கை வைத்தார்.