ஃபிட்டர் பிச்சாண்டியின் ஸ்டூல்

பத்து மெஷின் ஓடும் அந்த நூல் மில்லுக்குப் புது மேனேஜர் வந்தார். கழுத்தில் ஸ்டாப் வாட்ச். டீ குடிக்கப் போனவர்களுக்குக்கூட நேரம் பார்த்தார். கடைசியில் ஃபிட்டர் பிச்சாண்டியிடம் வந்து நின்றார். பிச்சாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் லேசாக மாறினால் எழுந்துபோய் நாலு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு வருவார். அவ்வளவுதான்.

"இந்த மாசம் எத்தனை ரிப்பேர் பாத்தீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க சார்."

"சும்மா உக்காரவா சம்பளம்? நாளையிலேருந்து தினம் பத்து ரிப்பேர் காட்டணும். இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்."

"சரிங்க சார்."

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மில் கப்சிப்பென்று அடங்கிவிட்டது. மேனேஜர் பதறிக்கொண்டு ஓடிவந்தார். பத்து மெஷினும் அக்கக்காகக் கழன்று கிடந்தன. நடுவில் பிச்சாண்டி வேர்த்து விறுவிறுத்து நின்றார்.

"என்னய்யா இது?"

"கெட்டுப்போன மெஷின் ஒண்ணும் கிடைக்கலீங்க. அதான் நல்லதையே கழட்டி மாட்டறேன். சாயங்காலத்துக்குள்ள பத்து ரிப்பேர் ஆயிடும். நூல்தான் வராது. அந்த வாட்சைக் கொஞ்சம் அமுக்குங்க சார், மில் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு குறிச்சுக்கலாம்."

மேனேஜர் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போதெல்லாம் காலையில் மில்லுக்குள் நுழைந்ததும் அவர் முதலில் எட்டிப் பார்ப்பது ஸ்டூலைத்தான். பிச்சாண்டி உட்கார்ந்திருந்தால்தான் அவருக்கு டீ இறங்கும்.