சூளையில் போட்ட நாற்காலி

இருபத்தாறு ஆண்டுகள் வங்கியின் கடன் பிரிவில் இருந்தவர் கோதண்டம். ஓய்வுக்கு எட்டு ஆண்டுகள் மிச்சமிருக்கும்போதே வேலையை உதறிவிட்டு, தொண்டு நிறுவனங்களுக்கு நிதி கொடுக்கும் ஓர் அறக்கட்டளையில் சேர்ந்தார். அதன் தலைவி தில்லைநாயகி அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இந்த வேலைக்கு அவரே குரு என்று கோதண்டம் மனதார ஏற்றுக்கொண்டிருந்தார்.

ஏற்க முடியாதது ஒன்றே ஒன்று. கூட வேலை பார்க்கும் சகாயமேரி.

ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தால் அவள் எழுதுவது ஒரு பக்கம். இவர் எழுதுவது நாற்பது பக்கம், வண்ணப் படங்களோடு. தில்லைநாயகி இரண்டையும் வாசிப்பார். அவளுடையதை மட்டும் இன்னொரு முறை வாசிப்பார். கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்க்கும்போதெல்லாம் கோதண்டத்துக்கு வயிறு எரியும்.

இந்த முறை செங்கல் சூளைக் குழந்தைகளின் பராமரிப்பு மையம். 'பிள்ளைகள் வருவதில்லை, நிதியை நிறுத்தலாம்' என்று இவர் எழுதியிருந்தார். 'நிறுத்த வேண்டாம்' என்று அவள் எழுதியிருந்தாள். மறுநாள் முடிவெடுக்கும் கூட்டம்.

"அவள் சொன்னால் மட்டும் ஏன் மேடம் உங்களுக்கு வேதவாக்கு?" கோதண்டம் கேட்டே விட்டார்.

தில்லைநாயகி இரண்டு அறிக்கைகளையும் கார் சாவியையும் எடுத்தார். "வாங்க சார், சகாயத்தையும் கூட்டிக்கொண்டு சூளைக்கு ஒரு நடை போய் வருவோம்."

சூளை மையத்தின் வாசலில் தில்லைநாயகி காரிலேயே இருந்துவிட்டார். கோதண்டம் இறங்கியதும் ஒரு சிவப்பு நாற்காலி ஓடி வந்தது. துண்டால் துடைத்துப் போட்டார்கள். இளநீர் வந்தது. முகத்தில் பவுடர் அப்பிய நான்கு பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடின.

"ஏதாவது குறை இருக்கிறதா?"

"ஒண்ணுமில்லீங்க சார். உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லா நடக்குது."

பின்னாலிருந்த சமையல்கட்டில் ஒரு குரல் வெடித்தது. "ஏண்டி சகாயம், போன வாரமே வரேன்னுட்டு எங்கடி தொலைஞ்ச? வேலைக்கு வந்தியா, சோத்துக்கு வந்தியா?"

"ரெண்டுக்கும்தான் அக்கா" என்றாள் சகாயமேரி. சிரிப்பு கூரையைத் தொட்டது.

கோதண்டத்தை யாரும் இப்படித் திட்டியதில்லை. திட்டு வாங்குகிறவளைப் பார்த்தும் ஒரு மனிதன் பொறாமைப்பட முடியும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

இளநீரைக் கீழே வைத்துவிட்டுச் சமையல்கட்டுச் சுவரோரம் போய் நின்றார்.

அதே குரல்தான். கல் அறுத்துவிட்டு வந்து மையத்தில் சமையலும் செய்யும் குப்பம்மாள். "மூணு மணி இருட்டுல கல்லு அறுக்கப் போறோம். புள்ளைங்க அங்கேயே மண்ணுல சுருண்டு கெடக்குதுங்க. வெயில் ஏறி நாங்க திரும்பி வரச்சே, ஒம்போது மணிக்கு இங்க கதவத் தொறக்கறாங்க. எந்தப் புத்திசாலிடி இந்த நேரத்தை வெச்சான்?"

காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. நிதி கொடுக்கும்போது போட்ட நிபந்தனைகளில் மூன்றாவது. கோதண்டம் எழுதியது.

அவர் சமையல்கட்டு வாசலுக்கு வந்தார். "நான்தாம்மா."

வெங்காயம் அரிந்த கத்தி நின்றது. குப்பம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "அடியே, சாருக்கு நாற்காலி கொண்டா!"

"மூன்று மணிக்கே திறந்துவிடலாமா?"

"உங்க சௌகரியம் சார்."

கோதண்டம் காருக்குத் திரும்பினார்.

"என் அறிக்கையைக் கொடுங்கள் மேடம். நாளைக்கு அது வேண்டாம்."

தில்லைநாயகி எடுத்துக் கொடுத்தார். நாற்பது பக்கங்களையும் இரண்டாக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட பிறகும் கோதண்டத்துக்கு மனம் ஆறவில்லை.

"நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அப்போதும் என்னிடம் வாய் திறக்கவில்லை. மறுபடியும் அந்த நாற்காலியைத்தான் தூக்கி வந்தார்கள். அவளுக்கு மட்டும் எப்படி மேடம்?"

தில்லைநாயகி சமையல்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"சகாயத்துக்கும் முதல் நாள் அதே நாற்காலியைத்தான் போட்டார்கள், சார்."

உள்ளே யாரோ யாரையோ திட்டுவது கேட்டது. கோதண்டம் காரில் ஏறவில்லை.