மதநீரை மறைத்த நெற்றிப்பட்டம்

திருக்கடுவனூர் ஈசர் கோயிலின் வடக்கு மதிலை ஒட்டி யானைக் கொட்டடி இருந்தது. அங்கே சாணம் அள்ளும் வேலை சுடலைவடிவு அம்மையாருடையது. விடியும்போது வருவார். யானை போட்டிருந்ததைக் கூடையில் வாரி ஆற்றங்கரைத் தோப்பில் கொட்டுவார். கல்தரையைக் கழுவி, ஈரம் வற்றும்வரை கூட்டுவார். அவருடைய குலத்தாரைக் கோயிலுக்குள் விடாத காலம் அது. மதிலுக்கு அப்பால் பூசை மணி கேட்டதும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அப்போதுதான் கழுவிய அதே தரையில் நெற்றி பட விழுந்து எழுவார். அவர் செய்த வழிபாடு அவ்வளவுதான்.

தெருவில் போகிறவர்கள், சாணிக்கூடைக்கு இவ்வளவு பக்தியா என்று சிரிப்பார்கள். ஒருமுறை மட்டும் அம்மையார் பதில் சொன்னார்.

"சாமிக்குத் தண்ணி சொமக்குத காலு இது. நரகல்ல நிக்கலாமா?"

ஆனித் திருவிழா பத்து நாளும் ஈசருக்குத் திருமஞ்சன நீர் ஆற்றிலிருந்து யானைமேல்தான் வரும். ஒருநாள்கூட மனிதத் தோளில் வந்ததில்லை என்பது அந்தக் கோயிலின் பெருமை. யானையின் பெயர் மலையாண்டி. மேற்கு மலையில் குழி வெட்டிப் பிடித்த கொம்பன். பதினெட்டு ஆண்டுகளாக அந்த வெள்ளிக்குடத்தைச் சுமந்து வந்தது.

அந்த ஆண்டு திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்பு, கொட்டடித் தரையில் நாள் முழுதும் சொட்டிக்கொண்டேயிருந்த சிறுநீரை அம்மையார் பார்த்தார். யானை ஓலையைத் தொடவில்லை. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே வீங்கி, எண்ணெய்போல் ஒரு நீர் கன்னத்தில் வழிந்திருந்தது. அவர் பாகன் பிச்சாண்டியிடம் சொன்னார். பாகனுக்கும் தெரிந்திருந்தது. அவனுடைய தகப்பன் காலத்தில் மதம் கண்ட யானையை மூன்று மாதம் தோப்பு நிழலில் கட்டி, கூட்டத்தையும் மேளத்தையும் காட்டாமல் வைத்திருப்பார்கள். பாகன் போய்க் கோயில் மணியக்காரர் திருமலைக்கொழுந்திடம் சொன்னான்.

திருவிழாவில் யானை வராவிட்டால் தன் மணியத்துக்கு இழுக்கு என்று நினைத்தார் மணியக்காரர். கன்னத்தில் சந்தனத்தை அப்பி, அதன்மேல் நெற்றிப்பட்டத்தை அகலமாக இழுத்துக் கட்டச் சொன்னார். பொன்முலாம் பூசிய பட்டம் வீக்கத்தையும் மதநீரையும் சேர்த்து மறைத்தது. அம்மையார் மணியக்காரர் வரும் வழியில் ஒதுங்கி நின்று, வேண்டாம் எசமான் என்று கும்பிட்டார். அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

திருவிழாவின் மூன்றாம் நாள் காலை, குடத்தோடு கோயில் வாசலுக்கு வந்த யானையின் பக்கத்தில் வேட்டு போட்டார்கள். மலையாண்டி திரும்பியது. முன்னால் கொம்பு ஊதிக்கொண்டு போனவர் மாசானம், அம்மையாரின் ஒரே தம்பி. யானையின் கால் அவருடைய வலது தொடையில் இறங்கியது. குடம் உருண்டது, கூட்டம் சிதறியது. பாகன் குரல் கொடுத்து, வைக்கோலைக் காட்டி, எப்படியோ அதை ஆற்று மணலுக்கு இறக்கி நான்கு காலிலும் சங்கிலி போட்டான்.

அன்று மாலைக்குள் யானைக்குப் பெயர் மாறிவிட்டது. நேற்றுவரை வாழைப்பழம் நீட்டி, தும்பிக்கையால் தலையைத் தொடச் சொல்லி நின்ற ஊர் அதைக் கொலைகார மிருகம் என்றது. மணியக்காரர் ஜமீனுக்கு ஆள் அனுப்பினார். யானைக்கு இயல்பிலேயே கெட்ட குணம், எந்த அடையாளமும் முன்னால் தெரியவில்லை, சுட்டுவிடுவதே ஊருக்கு நல்லது, தோஷம் வராமல் பிறகு கும்பநீர் தெளித்துக்கொள்ளலாம் என்பது அவர் சொல்லியனுப்பிய செய்தி. மூன்று நாளில் துப்பாக்கிகள் வரும் என்று பதில் வந்தது. சாகப்போகிற யானைக்குத் தீனி எதற்கு என்று ஓலை வெட்டுவதை நிறுத்தினார்கள். ஆனி வெயிலில், சுடுமணலில், தண்ணீர் தெரியும் தூரத்தில் அது தண்ணீர் இல்லாமல் நின்றது.

குடிசையில் மாசானம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய காலோடு கிடந்தார். அம்மையார் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே போகிறார் என்பது தம்பிக்குப் புரிந்தது.

"எனக்குக் காலு போச்சு. ஒனக்கு ஆனைதான் பெருசாப் போச்சோக்கா?"

அம்மையார் நிலைப்படியில் நின்றார்.

"மிதிச்சது ஆனைதான்டா தம்பி. ஒன்னியக் கொண்டு அது காலடியில விட்டது யாரு? அந்தாள விட்டுட்டு இதச் சுட்டா, ஒங்காலு வந்துருமா? அடுத்த ஆனைக்கும் சந்தனம் அப்புவான்."

மாசானம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மையார் ஆற்றுக்குப் போனார். மதம் கொண்ட யானையின் கிட்டே போகக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். எட்ட நின்று நீண்ட மூங்கிலால் தண்ணீர்த் தொட்டியைத் தள்ளினார். பனையோலையை அப்படியே தள்ளினார். கரையிலிருந்தவர்கள், தம்பியை முடமாக்கிய மிருகத்துக்குச் சீர் கொண்டு போகிறாள் என்று ஏசினார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். தலையில் விழுந்த மண்ணைத் தட்டிவிட்டு, அம்மையார் அடுத்த குடம் மொள்ளப் போனார். மூன்று நாளும் போனார்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஜமீன்தார் வந்து கோபுர வாசலில் அமர்ந்தார். துப்பாக்கிக்காரர்கள் ஆற்றுப்பக்கம் பார்த்து நின்றார்கள். மணியக்காரர் தாம் சொல்லியனுப்பியதையே மறுபடி சொன்னார். பாகன் தலை குனிந்து ஆமாம் போட்டான். முடிந்தது என்று ஜமீன்தார் எழுந்தபோது, கூட்டத்தின் கடைசியிலிருந்து சுடலைவடிவு அம்மையார் நடந்து வந்தார். நிற்க வேண்டிய தூரத்தைக் கடந்து வந்தார். யாரோ அதட்டினார்கள், அவர் நிற்கவில்லை. திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்பே மதநீர் ஒழுகியதையும், பாகன் சொன்னதையும், சந்தனம் அப்பியதையும், பட்டம் கட்டியதையும் ஒன்று விடாமல் சொன்னார். மிதிபட்டவர் தம் தம்பி என்பதையும் சொன்னார்.

ஜமீன்தார் திகைத்து மணியக்காரரைப் பார்த்தார். மணியக்காரர் சிரித்தார்.

"சாணி அள்ளுதவ கத உடுதா எசமான். வேலைய உட்டு நிறுத்துன கோவம்."

"பொய்யின்னா கற்பூரத்த அணைச்சுச் சொல்லுதேன் எசமான்" என்றார் அம்மையார். "அவுகளும் அணைக்கட்டும்."

எரியும் கற்பூரத்தை ஈசர் வாசலில் உள்ளங்கையால் அணைத்துச் சொன்ன சொல்லை அந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. சாணி அள்ளுகிறவள் சொல்லுக்குக் கற்பூரம் ஒரு கேடா என்று மணியக்காரர் சீறினார். ஜமீன்தார் கையமர்த்தினார். அர்ச்சகர் வாசற்படியில் இரண்டு வெற்றிலை வைத்து, இரண்டு கட்டிக் கற்பூரம் ஏற்றினார்.

அம்மையார் குனிந்து, சாணக்கூடை சுமந்து காய்த்த வலக்கையைச் சுடர்மேல் வைத்தார். அது அணைந்தது. கையை விரித்துக் காட்டினார். கரிகூடப் படவில்லை.

மணியக்காரர் கையை வைத்தார், எடுத்தார். சுடர் எரிந்துகொண்டிருந்தது. சரியாகப் படவில்லை என்று மறுபடி அழுத்தினார். விரல் இடுக்கில் சுடர் எழுந்தது. மூன்றாம் முறை இரண்டு கையாலும் பொத்தினார். தோல் கருகும் வாடை படியைத் தாண்டி வந்தது. அலறிக் கையை உதறினார். கற்பூரம் ஆடாமல் எரிந்தது. அன்று காற்றே இல்லை என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

பாகன் பிச்சாண்டி தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. படியில் விழுந்தான்.

"எல்லாம் நெசம் எசமான். வாய் தொறந்தா எம்பொழப்புப் போயிருமின்னு மிண்டாம இருந்துட்டேன். அந்தப் பட்டத்த நாந்தான் கட்டுனேன்."

ஜமீன்தார் துப்பாக்கிக்காரர்களைத் திரும்பிப் போகச் சொன்னார். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். காட்டில் தன் பாட்டுக்குத் திரிந்ததைக் குழியில் தள்ளிப் பிடித்தவர்கள் நாம். சங்கிலியிட்டு, வேட்டுக்கும் மேளத்துக்கும் நடுவே நிறுத்தியவர்கள் நாம். அதன் உடம்பு எச்சரித்ததைப் பொன் தகட்டால் மூடியவர்களும் நாமே. பிறகு அதைச் சுட்டு, நம் கையைக் கும்பநீரில் கழுவிக்கொள்ளப் பார்த்தோம். அன்று அதைத் தடுக்க அந்த ஊரில் எழுந்தது ஒரே ஒரு குரல். அதுவும் வாசற்படிக்கு வெளியே நிறுத்தப்பட்டவரின் குரல்.

மலையாண்டியைத் தோப்பு நிழலுக்குக் கொண்டுபோகவும், மதம் வற்றும்வரை அங்கேயே வைக்கவும் ஆணையாயிற்று. மீதி நாள் திருமஞ்சன நீரைத் திருமலைக்கொழுந்து தம் தோளில் ஆற்றிலிருந்து சுமக்க வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. வெந்த கையோடு அவர் சுமந்தார்.

அர்ச்சகர் உள்ளே போனார். மணியக்காரருக்கு என்று எடுத்து வைத்திருந்த முதல் பரிவட்டத்தோடு திரும்பி வந்தார். ஈசர் திருமேனியில் சாத்தி எடுத்த பட்டு அது. ஈசர் தம் அடியாரைக் காட்டிக்கொடுத்துவிட்டார், இனி இதை வேறு தலையில் கட்ட என் கை வராது என்றார். படி இறங்கி வந்து அம்மையாரின் தலையில் கட்டினார்.

அம்மையார் விழுந்து வணங்கினார். பட்டைத் தலையிலிருந்து அவிழ்த்து, இரு கையிலும் ஏந்தியபடி நேரே குடிசைக்குப் போனார். மாசானத்தின் காலில் மூங்கில் பத்தையைக் கட்டியிருந்த கந்தல் நைந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, அந்தப் பட்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

"சாமி துணிய என் கால்லயா கட்டுத?" என்று தம்பி பதறினார்.

"கேட்டா, அவரு வாசல்ல ஒடிஞ்ச காலுன்னு சொல்லுதேன்" என்றார் அம்மையார்.

கால் கூடியது, சற்றுக் குட்டையாகக் கூடியது. மதம் வற்றிய நாளில், தோப்புக்குத் தண்ணீர் கொண்டுபோன அக்காவின் பின்னால், கோலூன்றி மாசானமும் போனார். யானை அவரைப் பார்த்தது. அவர் எட்ட நின்று, தொட்டியைத் தம் கோலால் மெல்ல அதன் பக்கம் தள்ளினார்.

தம் தம்பியின் இரத்தம் சிந்திய இடத்திலும் உண்மையின் பக்கமே நின்ற சுடலைவடிவு அம்மையாரின் காய்த்த கைகளை ஈசர் அறிவார். நாமும் அவற்றைத் தலைமேல் வைத்துக்கொள்வோம்.