தாரோடு ஓடியவன்

கடுக்காய்மலை ஆசிரமத்தில் வெள்ளியம்மைதான் குரு. சீடர்களில் மாசிலாமணி அவரைவிட வயதில் மூத்தவர். அரசவையில் நீதிபதியாக இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு மலையேறி வந்திருந்தார். தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

மலைக்கு வரும் யாத்ரீகர்களுக்காக ஓர் அறையில் வாழைத்தார்களைப் பழுக்க வைத்திருப்பார்கள். அடிக்கடி பழம் காணாமல் போனது.

"அம்மா, இதை நான் பார்த்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார் மாசிலாமணி.

"பாருங்கள், ஐயா."

அன்றே சட்டம் வந்தது. முதல் முறை எடுத்தால் திட்டு. இரண்டாம் முறை எடுத்தால் தோட்டம் முழுவதற்கும் தண்ணீர் இறைக்க வேண்டும். மூன்றாம் முறை, மலையை விட்டே போக வேண்டும்.

மறுநாள் காலையில் பழ அறை வாசலில் சீடர்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் வாயிலும் பழம்.

"என்ன அக்கிரமம் இது?"

"முதல் முறைதானே ஐயா, திட்டுங்கள்" என்றார் முன்னால் நின்றவர், மென்றுகொண்டே.

மாசிலாமணி தொண்டை கட்டும்வரை திட்டினார். வெள்ளியம்மை அவருக்குச் சுக்குக் கஷாயம் கொடுத்தனுப்பினார்.

அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் போகவில்லை, சடையாண்டியைத் தவிர. சடையாண்டி ஆசிரமத்துக்கு விறகு பிளப்பவன்; அன்று வரிசையில் அவனும் நின்றிருந்தான். அவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது. பழத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. மறுபடி மாட்டிக்கொண்டு, முனகியபடியே தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தான்.

"சட்டம் வேலை செய்கிறது, அம்மா" என்றார் மாசிலாமணி. வெள்ளியம்மை புன்னகைத்தார்.

ஒரு மத்தியானம் ஒரே கூச்சல். சடையாண்டி ஒரு முழுத் தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலையிறங்கி ஓடினான். பாதி வழியில் மூச்சு வாங்க உட்கார்ந்தவனைப் பிடித்து, தாரோடு குருவின் முன்னால் நிறுத்தினார்கள்.

"போன தடவை எவ்வளவு எடுத்தாய்?" என்று கேட்டார் வெள்ளியம்மை.

"ஒரே ஒரு பழம், அம்மா."

"ஏன் ஒன்றோடு நிறுத்தினாய்?"

"பயம்தான். நிறைய எடுத்தால் அப்போதே விரட்டிவிடுவீர்களோ என்று."

"இன்றைக்குப் பயம் இல்லையா?" என்று சீறினார் மாசிலாமணி.

"காலையில் இருந்ததுங்க ஐயா. அறைப் பக்கம் போனேன். வாசனை விடவில்லை, ஒன்றை உரித்து வாயில் போட்டுவிட்டேன். அப்புறம்தான் மூன்றாம் முறை என்பதே உறைத்தது." சடையாண்டி சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. "எப்படியும் போகத்தானே வேண்டும்? ஒரு பழத்துக்கும் அதே தண்டனை, தாருக்கும் அதே தண்டனை. வழிச் சாப்பாட்டுக்கு ஆகட்டும் என்று திரும்பிப் போய்த் தூக்கிக்கொண்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாசிலாமணிக்கு முகம் சிவந்தது.

"பார்த்தீர்களா, அம்மா? இவனுக்கு வெளியேற்றுவதும் போதாது. அதைவிடப் பெரிதாக என்ன கொடுப்பது?"

"அவனிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிவிட்டீர்கள், ஐயா. முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள்."

"நான் பிடுங்கினேனா? எதை?"

"பயத்தை."

மாசிலாமணி சடையாண்டியைப் பார்த்தார். பிறகு கிட்டே போய், அவன் தோளில் கனத்துக்கொண்டிருந்த தாரின் ஒரு முனையைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். "வா, இதை அறையில் வைத்துவிட்டு விறகைப் பார்" என்றார்.