மாடியிலிருந்து எடுத்த முகம்

மின்கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவனிடம் டீ சொல்லக்கூடியவர் வைத்தியலிங்கம். அப்படிப்பட்ட மனிதருக்குத் தெருவில் ஒரு முகத்துக்கு முன்னால் போய் கேமராவைத் தூக்கப் பயம்.

லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவர் செய்த முதல் காரியம் கேமரா வாங்கியது. இரண்டாவது காரியம் ஜெயசீலியிடம் போய்ச் சேர்ந்தது. திருச்சி பாலக்கரையில் பாஸ்போர்ட் படம் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ அவளுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைப் பூட்டிவிட்டுத் தெருத்தெருவாக நடந்து மனிதர்களின் முகங்களைப் படமெடுப்பாள். அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். அவள் அவரை சார் என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார். யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"டீச்சர், தெருவுல முகம் எடுக்கணும்னா கிட்டப் போய் எடுக்கறதா, தூரத்துல நின்னு எடுக்கறதா?"

ஜெயசீலி பாஸ்போர்ட் படங்களைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே திருப்பிக் கேட்டாள்.

"கம்பியில கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவீங்க சார்?"

தெரிந்த பாடத்திலிருந்து கேள்வி வந்ததும் வைத்தியலிங்கம் மலர்ந்துவிட்டார். லைன் கிளியர் வாங்குவோம் என்றார். அந்த லைனில் கரண்டை நிறுத்திவிட்டோம், நீங்கள் ஏறலாம் என்று துணைமின் நிலையத்திலிருந்து சொல்ல வேண்டும். அதற்குப் பெயர்தான் லைன் கிளியர். அது கைக்கு வராமல் கம்பத்தில் கால்கூட வைக்க மாட்டார்.

"வேலை முடிஞ்சதும்?"

"திருப்பிக் கொடுக்கணும். மேல ஏறுன ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். அவன் தரையில நின்னு பதில் சொல்லணும். எல்லாரும் கீழ இறங்கியாச்சுன்னு கண்ணால பார்த்த பிறகுதான் கரண்ட் விடச் சொல்வேன்."

"ஒருத்தரை விட்டுட்டு விடச் சொல்லிட்டீங்கன்னா?"

அவர் முகம் சுருங்கிப்போனது. "அப்படியெல்லாம் பேசாதீங்க டீச்சர்" என்றார்.

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த படத்தை வெட்டத் தொடங்கினாள்.

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்கிறாளே என்று வைத்தியலிங்கத்துக்கு வருத்தம். வீட்டுக்குப் போகும் வழியில் தானே ஒரு முடிவுக்கு வந்தார். கிட்டே போனால் ஆள் முறைப்பான். கேமராவைப் பார்த்ததும் முகம் மாறிவிடும். போதாத காலமாக இருந்தால் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி நாலு பேர் சேர்ந்து மொத்தினாலும் மொத்துவார்கள். தூரத்தில் நின்றால் யாருக்கும் தொந்தரவில்லை, முகமும் இயல்பாக இருக்கும். பயத்துக்கு நல்லதாக ஒரு காரணம் கிடைத்துவிட்டால் அது பயமாகவே தெரிவதில்லை. அவர் நீளமான லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டார்.

வெங்காய மண்டிக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் மண்டி முழுவதும் தெரியும். அங்கிருந்துதான் அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

மண்டியின் உள்மூலையில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய மூட்டைகளுக்குப் பின்னால், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சின்ன வெங்காயத்தைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே தகரக் கூரையில் ஒரு இடம் பெயர்ந்து போயிருந்தது. அந்த வழியாக வந்த வெயில் அவள்மேல் மட்டும் விழுந்தது; மாடியிலிருந்து அவள் தெரிந்ததும் அந்த ஓட்டை வழியாகத்தான். வெங்காய நெடி கண்ணில் ஏறியதோ என்னவோ, முகத்தைத் தெருப்பக்கம் திருப்பி அண்ணாந்து புறங்கையால் துடைத்தாள். கண்ணெல்லாம் நீர். இடது கைக் கட்டைவிரல் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது.

வைத்தியலிங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார்.

அன்றே அதை ஃபேஸ்புக்கில் போட்டார். 'வெங்காயக் கண்ணீர்' என்று தலைப்பு வைத்தார். படத்தின் மூலையில் 'திருச்சி வைத்தியலிங்கம்' என்று தன் பெயரைப் பொறித்தார். படத்தை யார் யாரோ எடுத்துப் பகிர்ந்தார்கள். அது ஊர் ஊராகப் போனது. அந்த வாரம் முழுவதும் அவர் தரையில் நடக்கவில்லை.

ஸ்டுடியோவுக்குப் போனபோது ஜெயசீலி அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மேஜையில் வைத்திருந்தாள்.

"நல்ல படம் சார்."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவர் முதல் முறையாகக் கேட்டார். மகிழ்ச்சி தாங்கவில்லை.

"இவங்க பேரு என்ன?"

"தெரியாது டீச்சர்."

அவள் பிரிண்ட்டை ஒரு கவருக்குள் போட்டு நீட்டினாள். "கொடுத்துட்டு வாங்க."

டீக்கடையில் கொடுத்தால் சேர்த்துவிடுவார்கள் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"உங்க கையால, அவங்க கையில."

மண்டி வாசலிலேயே வைத்தியலிங்கம் தயங்கி நின்றார். மழையில் நனைந்த கம்பத்தில் ஏறச் சொல்லியிருந்தால் ஏறியிருப்பார். திட்டுவாளா, கூட்டம் சேர்ப்பாளா, சட்டையைப் பிடிப்பாளா என்று யோசித்துக்கொண்டே மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். அம்மா என்று கூப்பிட்டார். அவள் திடுக்கிட்டு எழுந்து, கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

அவர் அவசரமாகக் கவரை நீட்டி, உங்கள் படம்தான், நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அவள் பிரித்துப் பார்த்தாள்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

கூரை ஓட்டை வழியாகத் தெரிந்த மாடி ஜன்னலை அவர் காட்டினார். அவள் அண்ணாந்து அந்த ஜன்னலையே பார்த்தாள். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தெருவில் போகும் யார் கண்ணிலும் படக்கூடாது என்று அந்த மூலையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு கண் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

"யாரு யாரு பார்த்திருக்காங்க இதை?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் பெருமையோடு சொல்ல அவரிடம் பதில் இருந்தது. இப்போது அது வாயில் வரவில்லை.

"போன்ல போட்டிருக்கேன்மா. நிறையப் பேரு."

அவள் கோணல் விரலை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இதை ஒடிச்சவன் பார்த்தாப் போதுங்க. மூஞ்சிகூட வேண்டாம், விரலை வச்சே கண்டுபிடிச்சிருவான். உசுரோட விடமாட்டேன்னு சொல்லித்தான் தேடிக்கிட்டிருக்கான். பிள்ளைய வேற இங்க ஸ்கூல்ல சேர்த்திருக்கேன்."

அவள் திட்டவில்லை. சட்டையைப் பிடிக்கவில்லை. வைத்தியலிங்கம் பயந்ததில் எதையுமே அவள் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. அங்கேயே நின்றபடி போனை எடுத்துப் படத்தை அழித்தார். அவசரத்தில் இரண்டு மூன்று தடவை தப்பான இடத்தில் அழுத்தினார். அழித்துவிட்டேன்மா என்று அவளிடம் காட்டினார்.

"உங்க போன்ல அழிச்சிட்டீங்க. சரிங்க" என்றாள் அவள்.

அதற்குமேல் அங்கே நிற்க அவரால் முடியவில்லை. திரும்பி நடந்தார். மண்டி வாசலைத் தாண்டும்போது ஒருவன் வழியை மறித்தாற்போல வந்து நின்றான். வெள்ளைச் சட்டை, மழித்த முகம். தாடையில் பிளேடு பட்ட சின்னக் காயம். பார்த்தால் பெண் பார்க்கக் கிளம்பியவன்போல இருந்தான்.

"அண்ணே, தோள்ல கேமரா வச்சிருக்கீங்க. திருச்சி வைத்தியலிங்கம்னு ஒருத்தரைத் தெரியுங்களா? அவரும் படம் எடுக்கறவருதான்."

போனை அவர் முகத்துக்கு நேரே காட்டினான். திரை முழுவதும் ஒரு கட்டைவிரல். அவர் எடுத்த படத்தில் அதை மட்டும் அவன் விரித்துப் பெரிதாக்கி வைத்திருந்தான்.

வைத்தியலிங்கம் மூட்டைகளின் பக்கம் கண் போய்விடக்கூடாது என்று அவன் தாடைக் காயத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குத் தேடறீங்க?"

"என் சம்சாரம்ங்க. தங்கப்பொண்ணுன்னு பேரு. சின்னச் சண்டை, பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கோவிச்சுக்கிட்டு வந்துருச்சு. அவரைப் புடிச்சா எங்க எடுத்தாருன்னு கேட்டுக்கலாம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரிப்பு நிற்கவே இல்லை.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். நகர்ந்தால் அவன் அடுத்த ஆளைக் கேட்பான், அதற்கடுத்த ஆள் உள்ளே கை காட்டுவான். அது வைத்தியலிங்கத்துக்குப் புரிந்தது. தன் குரல் தனக்கே கேட்காதபடி சொன்னார்.

"நான்தான் வைத்தியலிங்கம்."

அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கிட்டே வந்தான். அவன் மூச்சில் பாக்கு வாசனை அடித்தது. ஒரு மனிதனின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை.

"எங்கண்ணே எடுத்தீங்க?"

"நான் மட்டும்தான் திருச்சிக்காரன். படம் ஒட்டன்சத்திரம் மண்டியில எடுத்தது."

"ஒட்டன்சத்திரம்."

"ஆமா."

அவன் அவர் தோளில் கை வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"அருமையா எடுத்திருக்கீங்கண்ணே. பக்கத்துல நின்னு எடுத்த மாதிரியே இருக்கு."

பிறகு பஸ் நிற்கும் திசையில் நடந்தான். பஸ் ஏறினானா, திரும்பி வந்தானா என்று வைத்தியலிங்கம் நின்று பார்க்கவில்லை. எதிர்ப்பக்கமாக நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவரையறியாமல் ஓட்டமாகிவிட்டது.

ஸ்டுடியோவில் ஜெயசீலி தண்ணீர் கொடுத்தாள். பாதி சட்டையில் சிந்தியது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார். விரலைப் பற்றிச் சொன்னார், ஸ்கூலில் இருக்கும் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். ஒட்டன்சத்திரம் என்று சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது.

"நம்பிட்டான் டீச்சர். நம்பின மாதிரிதான் இருந்துச்சு."

அவள் சிந்திய தண்ணீரைத் துடைத்தாள். அவரே பேசினார்.

"இப்பப் புரியுது டீச்சர். தூரத்துல நின்னு எடுக்கக் கூடாது. கிட்டப் போய்த்தான் எடுக்கணும். அதானே?"

"அந்தம்மா பேரு தெரிஞ்சுதா சார்?"

"தெரிஞ்சுது. தங்கப்பொண்ணு."

"அவங்க சொன்னாங்களா?"

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் சொன்னான்."

ஜெயசீலி எழுந்து ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். கடை விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டாள்.

"சார், தங்கப்பொண்ணு கீழ இறங்கிட்டாங்களா?"

வைத்தியலிங்கம் தோளில் தொங்கிய கேமராவைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் வாசலைத் தாண்டி ஓடினார்.